ஐம்பது நிமிட மண்ணெண்ணெய்

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால்
தகரக் கொட்டிலொன்றில் நிமலரூபன் அண்ணையின் வகுப்பு.
பலகையில் எழுதியிருந்தது: தட்டச்சு, கணக்கு, டொஸ்.
எழுதாமல் விட்டது வெள்ளி பின்னேரத்தை.

வெள்ளி பின்னேரம்
ஆளுக்குக் கால் போத்தல் மண்ணெண்ணெயோடு போவோம்.
நாலு பேர் சேர்ந்தால் ஒரு போத்தல்.
ஜெனரேற்றரைத் தொடக்க நாலு சொட்டுப் பெற்றோல்
அண்ணை சிறிஞ்சில் எடுத்துத் தருவார்,
பிள்ளைக்கு மருந்து பருக்குவதுபோல.
ஒரு போத்தல் ஐம்பது நிமிடம் ஓடும்.

பிளொப்பி வவுனியாவிலிருந்து வந்தது,
வினாத்தாள் கட்டொன்றின் நடுவில் செருகி.
சாவடியில் புரட்டிப் பார்த்தவன்
தூய கணிதம் என்று கண்டதும் மூடிவிட்டானாம்.

அதற்குள் ஒருவன் இருந்தான்.
வெள்ளை உடுப்பு, வெறுங்கால், நிலவறை.
அறுபது நிமிடத்துக்குள் மேலே ஏறி ஒருத்தியை மீட்கவேண்டும்.
அறுபது.
எங்களிடம் ஐம்பது,
அதிலும் மெஷின் தன் நினைவை
அறுநூற்று நாற்பது வரை எண்ணி முடிக்கும் மட்டும்
வாய் பார்த்திருக்கவேண்டும்.

எந்தக் கல் இடியும், எந்தக் கதவு மூடும்,
எல்லாம் டெல்சியாவின் கொப்பியில் இருந்தது.
ஈட்டி முளைக்கும் குழியை
நடந்தால் கடக்கலாம், ஓடினால்தான் சாவு.
அவள்தான் கண்டுபிடித்தாள்.

இன்னொரு பிளொப்பியில்
குடை பிடித்து இறங்குகிறவர்களை வானத்திலேயே சுடவேண்டும்.
ஒருமுறை விளையாடினோம்.
ஹெலிச் சத்தம் பிழை என்றான் கபிலதாஸ்.
பிறகு அதை ஒருவரும் போடச் சொல்லவில்லை.

ஜெனரேற்றர் ஓடினால் கிபிர் கேட்காது.
ஆகவே ஒருவன் வாசலில் நின்று வானம் பார்ப்பான்.
அவனுடைய கால் போத்தல்
அடுத்த கிழமைக்கு வரவு.

ஒரு விளையாட்டில்
முதலாளி வந்தால் அமத்த ஒரு விசை இருந்தது.
உடனே திரையில் கணக்குத்தாள் விரியும்.
இதுக்கெல்லாம் பயந்து ஒளியிற சனமும் இருக்கோ என்று
திரும்பத் திரும்ப அமத்தி, வயிறு நோகச் சிரித்தோம்.

இப்போதைய விளையாட்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை.
மகன் செத்துச் செத்து அதே இடத்தில் எழும்புகிறான்.
எங்களுக்கு நாலு நிறம்:
கறுப்பு, வெள்ளை, கத்தரிப்பூ ஊதா, ஒருமாதிரி நீலப் பச்சை.
தண்ணீரையும் நெருப்பையும் அதற்குள்ளேயே நம்பினோம்.
ஆனால் உண்மையைச் சொன்னால்
பாதி விளையாட்டு குப்பை.
குதிக்கும் விசை பிந்தித்தான் கேட்கும்.
நாங்கள் விழுந்ததில் பாதி அதனால்தான்,
மற்றப் பாதிக்கு எண்ணெய் முடிந்தது.

போன மாதம், கரண்ட் போகாத ஒரு இரவில்,
மகனின் மடிக்கணினியில் அதைத் தேடி எடுத்தேன்.
ஐம்பத்தெட்டாம் நிமிடம் கதவு திறந்தது.
அவள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
துண்டு இசை.
பிறகு திரும்பவும் முதல் பக்கம்.
அவ்வளவுதானா என்று கொஞ்சநேரம் பார்த்திருந்தேன்.

விடிந்ததும் டெல்சியாவுக்கு எடுத்தேன்.
மாங்குளத்தில் வங்கியில் இருக்கிறாள்.
"முடிச்சிட்டன்" என்றேன்.
எதை என்று அவள் கேட்கவில்லை.

"நான் ரெண்டாயிரத்து மூண்டிலயே முடிச்சது.
கிளிநொச்சியில, என்ஜிஓ ஒஃபிசில.
அங்க ஜெனரேற்றர் நாள் முழுக்க ஓடும்."

"ஏன் சொல்லயில்லை?"

"கபிலதாஸ்தான் சொல்லாதை எண்டவன்.
முடிவு தெரிஞ்சால் உங்களுக்கு விளையாட மனம் வராதாம்.
அவன் எட்டாம் தட்டில நிண்டவன்."

பிறகு
மாங்குளத்தில் மழையோ என்று கேட்டேன்.
தூறுது என்றாள்.