காலிக் கட்டம்

பயன்ஹொங்கோரில் மூன்று நாள் பயிற்சி.
அடுப்புப் பக்கத்து நாற்காலிக்குத்தான் அடிதடி.
எனக்கு வாய்த்தது ஜன்னலோரம்,
ஏழாம் எண் உதிர்ந்துபோன ஒரு மடிக்கணினி.
ஏழு வரும்போதெல்லாம்
அந்தப் பள்ளத்தில் தீக்குச்சியால் குத்தினேன்.

ஒரு வரிக்கு ஒரு குடும்பம்,
ஒரு பத்திக்கு ஒரு விலங்கு.
குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு.
நாங்கள் பேச்சைத் தொடங்குவதே இந்த ஐந்தில்தான்,
இதற்கு ஒரு பாடமா என்று நினைத்தேன்.

"மேல் வரியை உறைய வையுங்கள்" என்றான்
பயிற்சியாளன் என்ஹ்துர்.
அறை குலுங்கிச் சிரித்தது.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது;
உறைவதையா எங்களுக்குச் சொல்லித் தருகிறாய், தம்பி?
ஆனாலும் நல்ல வித்தை அது:
கீழே எத்தனை தூரம் இறங்கினாலும்
குதிரை என்ற சொல் மட்டும்
சாயாமல் தலைமாட்டில் நிற்கிறது.

இரண்டாம் நாள் தொகுப்பு அட்டவணை.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளை
ஒரே இழுப்பில் ஆறு வரியாக்கினேன்.
ஆறா?
எங்கள் வட்டத்தில் பள்ளத்தாக்கு ஐந்துதானே!
ஷர் உஸ் இரண்டு முறை வந்திருந்தது.
ஒரு மணி நேரம் தேடினேன்.
யாரோ, நானேதான்,
பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி தட்டியிருக்கிறேன்.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றுமில்லாமை
ஊரையே இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது.

மூன்றாம் நாள் சராசரி.
ஷர் உஸ், நாற்பது குடும்பம்,
மிஞ்சியது வீட்டுக்கு நூற்று நாற்பத்தெட்டு தலை.
பரவாயில்லையே, என்றான் என்ஹ்துர்.
பரவாயில்லையா?
பிப்ரவரியில் அங்கே மோட்டார் சைக்கிளில் போனவள் நான்.
கொம்போஜவ் வாசலில் நின்று
கையிலிருந்த கடிவாளத்தை நீட்டினான்:
"இதை வேண்டுமானால் எண்ணிக்கொள்."
நோட்டில் ஒரு கோடு கிழித்தேன்.
இங்கே வந்து அந்தக் கோட்டைக்
காலியாக விட்டிருக்கிறேன்.

காலிக் கட்டத்தைச் சராசரி தாண்டிப் போய்விடும், என்றான் பையன்.
கூட்டாது, வகுக்காது,
அப்படி ஒரு குடும்பம் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளாது.

பதினோரு காலி.
நோட்டைப் புரட்டினேன். எட்டு வீட்டில் கோடு.
எட்டு முறை பூஜ்யம் அடித்தேன்;
அந்தப் பொத்தானுக்கு ஒரு பழுதும் இல்லை.
நூற்று நாற்பத்தெட்டு
நூற்றுப் பதினாறாகச் சரிந்தது.

வைக்கோல் லாரி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை
இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.
கொம்போஜவுக்கு அதில் ஒரு புல்லும் வராது,
தின்ன அவனிடம் வாயில்லை.
அவன் பூஜ்யம்
பக்கத்துக் கூடாரத்துச் செவெல்மாவின்
முப்பது ஆட்டுக்குத் தீவனம்.
இது நியாயமா என்று கேட்டால்
எந்தச் சூத்திரமும் என்னிடம் இல்லை.

மீதி மூன்று கட்டம்.
தொலைபேசி எடுப்பதில்லை.
தலைநகருக்குப் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்.
இல்லை வேறு, தெரியாது வேறு.
பூஜ்யம் போட எனக்கு உரிமையில்லை;
மஞ்சள் பூசிவிட்டு அப்படியே வைத்தேன்.

சேமிக்கப் போனால் பெயர் கேட்டது.
ஷர் உஸ் என்று அடித்தேன்.
பின்னால் இடைவெளி விழுந்திருக்கிறதா என்று
ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டு.