அரை மீற்றர்ச் சதுரம்

நாலு துண்டு பிவிசி குழாய்,
நடுவிலை குறுக்கும் நெடுக்குமாய்த் தங்கூசி.
இருபத்தைந்து கட்டம்.
உதைக் காவிக்கொண்டு அவவுக்குப் பின்னாலை நடக்க
நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
எஞ்சின் பழுது. அதுதான் போனனான்.

குறிகட்டுவானுக்குத் தெற்காலை இறங்கி
இடுப்பளவு தண்ணியிலை போறம்.
அவ பேர் யதுர்ஷா. பல்கலைக்கழகம்.
போடுங்கோ எண்டுவா, சதுரத்தைப் போடுவன்.
கண்ணாடியோடை முகத்தைத் தாழ்ப்பா,
நிமிர்ந்து மூச்செடுத்து இலக்கம் சொல்லுவா,
நனைஞ்சாலும் கிழியாத தாளிலை
நான் எழுதுவன்.
அறுபது. அறுபத்தைந்து. நாற்பது.
ஒரு இடத்திலை, பூச்சியம்.

பூச்சியத்தை எனக்குத் தெரியும்.
அட்டைப் பண்ணைக்கு வேலி அடிச்சு
பிறகு கைவிட்ட இடம்.
கம்புகள் மட்டும் நிக்குது, நீர்க்காகம் குந்துது.
அதிலை பன்னிரண்டு கம்பு
நான் அடிச்சது.

சாதாளை எண்டால் எங்களுக்குக் குப்பை.
வலையிலை சிக்கும், காத்தாடியிலை சுத்தும்,
கரையிலை ஒதுங்கி நாறும்.
முப்பத்திரண்டு வருசம் உதைத் திட்டித் திட்டியே
உதுக்குள்ளை வளர்ந்த றாலை வித்துச் சீவிச்சிருக்கிறன்.

குனிஞ்சு பார்த்தன்.
நகமளவு நண்டுக்குஞ்சு இரண்டு.
ஒரு கடற்குதிரை
வாலாலை இலையைப் பிடிச்சுக்கொண்டு,
சனம் நெரியிற பஸ்ஸிலை
கம்பியைப் பிடிச்சு நிக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

பதினேழாவது சதுரம்.
அவ நிமிரேல்லை. கனநேரம் நிமிரேல்லை.
பிறகு வாயிலை இருந்த குழாயைத் துப்பிப்போட்டு
'அண்ணை, இஞ்ச பாருங்கோ' எண்டா.

புல்லுக்கு நடுவிலை வெள்ளையாய் ஒரு பாதை.
ஒரு சாண் அகலம்.
வளைஞ்சு வளைஞ்சு
ஆரோ படுத்தபடி மேய்ஞ்சு போன தடம்.
வேரோடை பிடுங்கித் திண்டிருக்கு.
ஓரத்திலை அறுந்த இலை இன்னும் பச்சை.

'கடற்பசு' எண்டா. குரல் நடுங்கினது.
நாங்கள் ஆவுளியா எண்டுவம்.

மண்ணெண்ணெய் வராத, மா வராத அந்த வருசம்
நெடுந்தீவுக்கு வெளியாலை
வலையிலை ஒண்டு பட்டது.
எமிலியானும் நானும்.
மேலை வந்து வந்து மூச்செடுத்தது.
கட்டின மாடு இருட்டிலை மூச்சுவிடுற சத்தம்.
வலையை அறுத்திருக்கலாம். வலை கடனுக்கு எடுத்தது.
ஏழு வீட்டுக்குப் பங்கு போனது.
ஏழு வீட்டிலையும் அண்டைக்கு ஒருத்தரும்
என்ன கறி எண்டு கேக்கேல்லை.
அதுக்குப் பால் இருந்தது.
அதைப்பற்றி நாங்கள் இரண்டுபேரும்
ஒருநாளும் கதைச்சதில்லை.
அவன்தான் வெட்டினவன், அவனுக்குத் தெரியும்.

தாளின்ரை அடியிலை ஒரு வரி இருக்கு.
முன்பு கண்டதுண்டா? ஆம், இல்லை.
எண்ணிக்கை.
பென்சில் என்ரை கையிலை.
அவ அங்காலை படம் எடுத்துக்கொண்டு நிக்கிறா.
ஆம் எண்டதுக்கு வட்டம் போட்டன்.
எண்ணிக்கையிலை ஒண்டு எண்டு எழுதினன்.
அழிச்சுப்போட்டு
இரண்டு எண்டு எழுதினன்.

அவ வாசிச்சா. என்னைப் பார்த்தா.
ஒண்டும் கேக்கேல்லை.
'பேப்பருக்குக் குடுக்காதேங்கோ பிள்ளை' எண்டன்.
'இடத்தின்ரை பேர் போடமாட்டன், அண்ணை.'
திரும்பி வரேக்கை
கால் வைக்கிற இடத்தை இரண்டுபேரும்
பார்த்துப் பார்த்து வைச்சம்.

பின்னேரம் தேத்தண்ணிக் கடையிலை எமிலியான்.
'என்னடா, புல்லு எண்ணி முடிஞ்சுதோ?'
கடை சிரிச்சது. நானும் சிரிச்சன்.
பிறகு மெல்லமாய்,
'தடம் ஒண்டு கண்டதாமே. எங்காலை?'
ஆர் சொன்னதோ தெரியாது.
தீவிலை கதை தண்ணியிலும் பார்க்கக் கெதியாய்ப் போகும்.

'அனலைதீவுக்கு வடக்காலை' எண்டன்.
அங்காலை முழுக்கக் கல்லு.
புல்லு முளைக்காது.
அது அவனுக்கும் தெரியும்.

கிளாசைக் கீழை வைச்சான்.
கொஞ்சநேரம் கடல் பக்கம் பார்த்தான்.
'ஓமோம்' எண்டான்,
'அனலைதீவாய்த்தான் இருக்கும்.'