பன்னிரண்டரை முதல் மூன்று வரை

ஜூன் பதினைந்திலிருந்து மூன்று மாதம்
உச்சிவெயிலில் எங்களை நிறுத்தக் கூடாதென்று சட்டம்.
கோர் குவைர் சிமெண்ட் ஆலையில்
கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில்
அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுக்கிறோம்.
நிழலும் சுடுகிறது. ஆனாலும் நிழல்.

விசா முடிந்துபோன ஷஃபீக்குல்
மெத்தைக்கு அடியில் விட்டுப்போன புத்தகம் கையில்.
அட்டை இல்லை, எழுதியவன் பேர் இல்லை.
பழைய கிரேக்கத் தத்துவக்காரர்களைப் பிடித்துவந்து
ஆளுக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தை
சொல்ல வைக்கிற புத்தகம்.
சாரம் கட்ட வந்தவன் நான்.
இப்போது சாரம் பார்க்கிறவன்.
இருநூறு திர்ஹம் கூட்டினார்கள்,
ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள்.

முதல் வார்த்தை ஸ்கூல்.
அந்தக் காலத்தில் அதற்கு ஓய்வு என்று பொருளாம்.
வேலையில்லாமல் உட்கார்ந்து யோசிக்கிற நேரம்.
சிரித்துவிட்டேன்.
எட்டாவதோடு நின்றவனை
அரசாங்கமே பிடித்துத் தினமும்
இரண்டரை மணி நேரம் ஸ்கூலுக்கு அனுப்புகிறது.

ஸ்டோயிக்.
தூண்வரிசை நிழலில் நின்று பேசியவர்களாம்.
நம் கையில் இருப்பது, இல்லாதது என்று
வாழ்க்கையை இரண்டாக அறுத்தவர்கள்.
தீர்க்க பகதூருக்கு இந்தியில் சொன்னேன்:
ஸ்பேனர் நம் கையில்.
மணல்காற்று நம் கையில் இல்லை.
"பாஸ்போர்ட்?" என்றான்.
அது கம்பெனி கையில்.
இதற்குப் புத்தகத்தில் மூன்றாவது பத்தி இல்லை.

இடியட் என்றால் முட்டாள் இல்லையாம் முதலில்.
ஊர்க்காரியத்தில் சேராமல்
தன்பாட்டைப் பார்த்துக்கொள்கிறவன்.
எட்டுக் கட்டில், எட்டுத் திரை,
திரைக்குள் எட்டு போன் வெளிச்சம்.
எங்கள் அறையில் ராத்திரி எல்லோரும் அதுதான்.

எங்கள் மொழியிலும் இருக்கிறது இந்த விளையாட்டு.
சாரம் என்றால் ஏறி நிற்கிற கம்பிக்கூடு.
சாரம் என்றால் பிழிந்தபின் மிஞ்சுவது.
எங்கள் தூத்துக்குடிப் பக்கம்
இடுப்பில் கட்டுகிற கைலியும் சாரம்தான்.
மூன்றும் அவிழ்ந்தால் மானம் போகும்.
இதை எந்தக் கிரேக்கன் எழுதி வைத்தான்?

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் சூளை.
நான்காவது தட்டு, வடக்கு மூலை.
ஸ்பேனரால் தட்டியபோது ஒரு கிளாம்ப்
வேறு மாதிரி பேசியது.
பச்சைச் சீட்டைக் கழற்றிச் சிவப்பை மாட்டினேன்.
இஞ்சினியர் ஹைதம் காரிலிருந்து இறங்கிவந்து
"எதையும் நம்ப மாட்டாய். சினிக் நீ" என்றார்.

அந்தப் பக்கத்தை முந்தாநாள்தான் படித்திருந்தேன்.
சினிக்: நாய்போல் வாழ்கிறவன் என்று ஊர் வைத்த பேர்.
அதற்கு எதிர்ப்பக்கம் ஸ்கெப்டிக்:
உற்றுப் பார்க்கிறவன்.
"நோ சார்," என்றேன், "ஸ்கெப்டிக்."

நாய் வாய்திறந்து பேசியதுபோல் பார்த்தார்.
கார்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரித்துக் கட்ட அரை நாள்.
அது விழுந்திருக்குமா? தெரியாது.
விழாத சாரம் யாருக்கும் சாட்சி சொல்லாது.

ராத்திரி அமலோற்பவத்திடம் சொன்னேன்:
எகானமி என்றால் வீட்டை நடத்துவதாம்.
"அப்ப இந்தப் பதினோரு வருசமா
நான் பார்க்கிறது எகானமியா?
தண்ணி லாரி, டியூசன், கோயில் வரி, சீட்டு.
டிவியில உக்காந்து பேசுறவனுவ
ஒருத்தனாவது எங்கிட்ட கேட்டானா?"

அப்புறம் குரல் இறங்கியது.
"சம்பளத்துல பிடிச்சிட்டானுவளா?"
அரை நாள் என்றேன்.
கரண்ட் போன வீட்டில் அவள் மூச்சு மட்டும்.
"கண்ணால பார்த்தத எழுதும்.
சீட்டுக்காரிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

எழுதினேன், திரைக்குள் போன் வெளிச்சத்தில்.
நான்காவது தட்டு. வடக்கு மூலை.
கிளாம்ப் ஒன்று. தளர்ந்திருந்தது.
ஸ்பெல்லிங் தப்பாக இருக்கலாம்.