மூன்று தரம்

கடைசி நான்கு நொடி இருக்கையில்
எங்கிருந்தோ வந்து விழுந்தது உங்கள் தொகை:
ஒன்பதாயிரத்து நூற்றைம்பது கொருனா.
தாபோரிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெண்மணியை
வெறும் ஐம்பதில் தள்ளிவிட்டீர்கள்.
சமையலறையில் எழுந்து நின்று கைதட்டினேன்.
யாரும் பார்க்கவில்லை என்றாலும்
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

பல் மருத்துவர் நாற்காலி. வெளிர்பச்சை ரெக்ஸின்.
இடது கைப்பிடியில் மட்டும் பதினோரு நகக்கீறல்.
எண்ணிப் பார்த்துத்தான் விவரத்தில் எழுதினேன்.
டாக்டர் ஹவ்ரானெக் திவாலானபோது
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
இதை எடுத்துக்கொள் ஸ்தீஸ்லவா என்றார்.
எடுத்துக்கொள்ள நாலு ஆட்கள், ஒரு வேன்,
வைத்துக்கொள்ள ஒரு கராஜ், மாத வாடகை எழுநூறு.

வணக்கம், வாழ்த்துகள்.
பில்சனுக்கு வந்து எடுத்துக்கொள்கிறீர்களா,
லாரியில் அனுப்பட்டுமா?
ஒரு தரம்.

மன்னிக்கவும், முந்தைய செய்தி கிடைத்ததா?
ரெண்டு தரம்.

கிணற்றில் போட்ட கல் என்பார்கள்.
கிணறு பாவம், அது ஒரு ‘தொபுக்’காவது சொல்லும்.

வீத்ரா64 என்று உங்கள் பெயர்.
நீர்நாய். முங்கிவிட்டால் எங்கே தலைதூக்கும்
என்று யாருக்குத் தெரியும்.
உங்களைப் பற்றி முப்பத்தெட்டு நல்ல வார்த்தைகள்,
எல்லாவற்றையும் படித்தேன்.
‘அன்றே பணம் அனுப்பினார்’ என்கிறார்
லிபெரெட்ஸில் பித்தளை எடைக்கல் விற்ற ஒருவர்.
அப்படிப்பட்ட மனிதர் எனக்கு மட்டும்
ஏன் இப்படிச் செய்யவேண்டும்?
ஆஸ்பத்திரியோ? பனியில் வழுக்கிவிட்டீர்களோ?
இரவு இரண்டு மணிக்கு
முன்பின் தெரியாத நீர்நாய்க்காக
ஒரு மெழுகுவத்திகூட ஏற்றியிருப்பேன்.

மறுநாள் மாலை பார்த்தால்
ஒரு மீன்தொட்டிக்கு ஏலம் கேட்டிருக்கிறீர்கள்.

உயிரோடு இருக்கிறார் என்ற நிம்மதி வந்தது.
அதே மூச்சில்
உங்கள் கழுத்தை நெரிக்கவும் தோன்றியது.

ஒன்று சொல்லவேண்டும்.
பத்தொன்பது வருடம்
பேச முடியாதவர்களோடு பேசியவள் நான்.
பஞ்சும் உறிஞ்சுகுழலும் வாயில் திணித்த பிறகுதான்
டாக்டருக்குக் கேட்கத் தோன்றும்,
மகள் கல்யாணம் எப்போது என்று.
தபால்கார ஷெபெஸ்டா ஒற்றைப் புருவத்தால் ‘ஜூனில்’ என்பார்.
பேக்கரிக்காரி லுத்மிலாவுக்கு வலித்தால்
செருப்புக்குள் கால் கட்டைவிரல் துடிக்கும்.
எல்லாம் எனக்குப் புரியும்.
டாக்டருக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன்.
உங்களிடம்
ஒரு புருவத்தைத்தான் கேட்டேன்.

தாபோர் பெண்மணிக்கு எழுதினேன், உங்கள் தொகைக்கே வேண்டுமா என்று.
ஒரு மணி நேரத்தில் பதில்:
பிர்னோவில் பழுப்பு நிறத்தில் ஒன்று வாங்கிவிட்டேன்,
கேட்டதற்கு நன்றி, உங்களுடையது இதைவிட அழகு.
அந்த ‘வேண்டாம்’
எத்தனை மரியாதையாக இருந்தது தெரியுமா?

பத்தாம் நாள் புகார்ப் பொத்தான் உயிர்பெற்றது.
காரணம் கேட்டது. வரிசையில் நாலாவது:
வாங்கியவர் பதிலளிக்கவில்லை.
அழுத்தினேன். கட்டணம் நானூற்றுப் பன்னிரண்டு திரும்ப வந்தது.
அதே படம், அதே பதினோரு கீறல், மறுபடி ஏலம்.
‘பதில் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும்’
என்று கடைசி வரி சேர்த்தேன்.
அழித்தேன்.

பிறகு கராஜுக்குப் போய்
முதன்முதலாக அதில் நானே உட்கார்ந்தேன்.
பக்கத்தில் நின்றிருக்கிறேன், துடைத்திருக்கிறேன்,
ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.
மிதியை அழுத்தினால் பெருமூச்சோடு சாய்கிறது.
தலைக்கு நேர்மேலே வீட்டுக்காரர் ரதோவானின்
பனிக்கால டயர்கள் தொங்குகின்றன.
பயமாக இருந்தது. கைப்பிடியைப் பற்றினேன்,
இடது பக்கத்தைத்தான்.

படுத்தபடியே உங்களுக்கு எழுதினேன்,
எழுப்பி உட்காரவைக்கும்போது
ஒவ்வொருவரிடமும் சொன்னதைத்தான்:
முடிந்துவிட்டது.
இனி நீங்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.
மூணு தரம்.

டயர்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
எட்டு நிமிடம் கழித்து
செய்திக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்
முதன்முறையாக:
படிக்கப்பட்டது.