எத்தனை டிகிரி

வாலிநோக்கம் உப்பளத்தில் பதினெட்டு வருஷமாய்
கண்ணாடிக் குழலைப் பாத்தியில் மிதக்கவிட்டு
டிகிரி பார்ப்பவன் நான்.
மூன்றில் கடல். இருபத்தைந்தில் உப்புப் பூக்கும்.
இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் நஞ்சு இறங்கிக்
கசந்துவிடும்,
அதற்குள் மடையை வெட்டி வடித்துவிட வேண்டும்.

குளித்தால் அரிக்கும்.
உப்பில் நின்றபோது இல்லாத அரிப்பு
நல்ல தண்ணீர் பட்டுக் கால்மணி நேரத்தில்,
தோலுக்குள் நண்டுக்குஞ்சுகள் ஓடுவதுபோல்.
முகம் சிவந்தது. வெயில் என்றார்கள்.
கால்விரல் தீயாய் எரிந்தது. செருப்பு என்றார்கள்.
தலைவலிக்கு, பீடி.

ஆனியில் கம்பெனி வாசலில் முகாம் போட்டு
எல்லோர் விரலிலும் குத்தினார்கள்.
ஒரே தாளில் அடுத்தடுத்த வரி:
நம்புவள்ளி, ஏழரை.
அவள் புருஷன், இருபது.
நர்ஸ் சிரித்தாள்,
"அந்தம்மா பங்கையும் நீங்களே தின்னுட்டீங்களா?"
நம்புவள்ளி சிரிக்கவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா ஒரு எண்ணை எழுதி வட்டம் போட்டார்:
ஐம்பத்தெட்டு.
"நூறு பங்கு ரத்தத்துல இவ்வளவு சிவப்பணு.
மூளைக்குப் போற வழியில உறைஞ்சா பக்கவாதம்.
நெஞ்சுல உறைஞ்சா, உங்களுக்கே தெரியும்.
நாப்பத்தஞ்சுக்குக் கீழ வச்சிருக்கணும்."
இடது விலாவுக்கடியில் அழுத்தினார்.
மண்ணீரல் வீங்கியிருக்கிறது.
மஜ்ஜைக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அப்புறம் வடித்தார்கள்.
முன்னூற்றைம்பது மில்லி. கருஞ்சிவப்பு. மெதுவாய்.
"இத என் வீட்டுக்காரிக்கு ஏத்த முடியாதா?"
கேட்டேவிட்டேன்.
"யாருக்கும் ஏத்தக் கூடாது."
மஞ்சள் பையில் போட்டு முடிச்சிட்டார்கள்.
எத்தனை மடை வெட்டியிருப்பேன்,
வடிந்த தண்ணீர் எங்கே போகிறதென்று
ஒருநாளும் பார்த்ததில்லை.

பிஸ்கட் டப்பாவில் இப்போது
அவளுடைய இரும்பு மாத்திரையும் என் ஆஸ்பிரினும்.
மாறிப் போய்விடக் கூடாதென்று
அவளுடைய அட்டையில் நூல் சுற்றியிருக்கிறாள்.
ஈரல் எடுத்தால் முதல் கரண்டி அவளுக்கு.
என் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.
பீடி, பாதி விட்டாயிற்று.
உடம்பு வறண்டால் இன்னும் இறுகுமாம்,
அளத்துக்கு இரண்டு கேன் தண்ணீர் சுமக்கிறேன்.

நாலாவது முறை வடித்துவிட்டு
மத்தியான பஸ்ஸில் இறங்கினேன்.
உப்பு வாரிக்கொண்டிருந்தவள்
நிமிராமலே கேட்டாள்,
"எத்தன டிகிரி?"
"நாப்பத்தாறு."
"இன்னும் ரெண்டு எறங்கணும்," என்று
பலகையை இழுத்தாள்,
பாதியில் நின்று மூச்சு வாங்கினாள்.
பலகையை நான் வாங்கிக்கொண்டேன்.