ஏடும் இல்லாத சுரைக்காய்

என் மேசையில் இரண்டு தட்டுகள் உண்டு.
மேல்தட்டு, கட்டடம் உள்ள கல்லூரிகளுக்கு:
செங்கல், மணிக்கூண்டு, புல்வெளி,
தோற்றாலும் கொண்டாடப்படும் கால்பந்து அணி.
கீழ்த்தட்டு, மற்றவற்றுக்கு.

பொக்கடெல்லோவில்
பாசனக் குழாய் விற்கும் கம்பெனியில்
பதினேழு வருடமாய் ஆள் எடுக்கிறேன்.
கீழ்த்தட்டு நிரம்பினால்
அதன்மேல் காபிக் கோப்பையை வைப்பேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.
இதுவோ
ஏடும் இல்லாத சுரைக்காய்.
திரையில் பூத்துத் திரையிலேயே காய்த்தது.

ரோனலீ ஸ்டப்ஸின் விண்ணப்பத்தில்
என் கோப்பையின் வட்டம் பதிந்திருந்தது.
துடைக்கப் போனவன் படித்துவிட்டேன்.

வயது நாற்பத்தொன்று.
உருளைக்கிழங்கு ஆலையில் இரவு ஷிப்ட்.
கணக்கியல் பட்டம், இணையவழி, ஆறு வருடம்.
"ஆறா?" என்றேன்.
"படிப்பு நாலு. தூக்கம் இரண்டு" என்றாள்.
அவளும் சிரிக்கவில்லை, நானும் இல்லை.

தேர்வை நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு
என்ன உறுதி என்று
எவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியுமோ
அவ்வளவு மரியாதையாகக் கேட்டேன்.
"கேமரா இமைக்காமல் பார்க்கும்.
ஒருமுறை கண்ணைத் தேய்த்தேன், எச்சரிக்கை வந்தது.
உங்கள் கல்லூரியில்
உங்கள் கண் போன இடத்தை யார் பார்த்தார்கள்?"

முன்னால் உட்கார்ந்திருந்தவனின் தாளுக்குப் போனது.
அதைச் சொல்லவில்லை.

பேச்சை மாற்றினேன்: வகுப்புத் தோழர்கள்?
ஒரு பெயர் சொன்னாள்.
ஒக்பாரா. எனுகு நகரம், நைஜீரியா.
முகம் பார்த்ததில்லை. கேமராவுக்கு அவர் டேட்டா போதாது.
நமக்கு இரவு ஒன்பதரை என்றால்
அவருக்கு விடிகாலை நாலரை.
தேய்மானக் கணக்கை அவர் விளக்கத் தொடங்கினால்
பின்னால் ஒரு சேவல் குறுக்கிடும்.
"தேய்மானம் என்றாலே இன்றும் எனக்குக் கொக்கரக்கோதான்."

வீட்டு இணையத்துக்குப் பணம் கட்டாத குளிர்காலத்தில்
பூட்டிய நூலகத்தின் வாசலில்
காருக்குள் உட்கார்ந்து படித்தாளாம்.
எஞ்சினை அணைத்தால் விரல் விறைக்கும்,
அணைக்காவிட்டால் பெட்ரோல் தீரும்.
கால்மணிக்கு ஒருமுறை அந்தக் கணக்கு தனி.
அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

எழுந்து கைகுலுக்கினேன்.
குளிர்ந்த கை. நேரான பார்வை.

வேலையைக் கோல்பிக்குக் கொடுத்தேன்.

மேலே இருப்பவர்கள் கேட்டால்
மணிக்கூண்டைக் காட்டலாம் அல்லவா?
கோல்பி நல்ல பையன்தான்.
பாதி வகுப்பை விடுதிக் கட்டிலில் படுத்தபடி
ரெக்கார்டிங்கில்தான் பார்த்தேன் என்று
ஒரு மதிய உணவில் அவனே சொன்னான், பெருமையாக.
ஜன்னலில் மணிக்கூண்டு தெரியுமாம்.

மார்ச்சில் போய்விட்டான்.
பனிச்சறுக்கு விடுதியில் நண்பர்கள் கூப்பிட்டார்களாம்.
எட்டு வாரமாய்ப் பொருந்தாத ரசீதுகள்
ஒரு ஷூ பெட்டியில் இருந்தன.
பெட்டி நிஜமானது. செங்கல் போலவே
தொட்டுப் பார்க்கலாம்.

அந்த ரசீதுகளோடு இரவு வெகுநேரம் இருந்தேன்.
கீழ்த்தட்டின் அடியில் அந்த வட்டம் கிடைத்தது.
நேரம் பார்க்காமல் எண்ணை அழுத்திவிட்டேன்.

"மன்னிக்கவும், வகுப்பில் இருக்கிறேன்" என்றாள் தாழ்ந்த குரலில்.
"மேற்படிப்பு. பத்து மணிக்குமேல் கூப்பிட முடியுமா?"
யார் பேசுவது என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் துண்டிப்பதற்கு முந்திய அரை நொடியில்
என் காலி அலுவலகத்துக்குள்
ஒரு சேவல் கூவியது.

வெளியே சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
பத்தாக
இன்னும் இருபத்தாறு நிமிடம்.