ஏழாம் கூடை

அப்புத்தளை நகரசபைப் பூங்காவில்
ஒன்பது இரும்புக் கூடைகள்.
தியத்தலாவையில் ஒட்டு வேலை பார்க்கும் நிஹால்
பழைய சைக்கிள் சங்கிலிகளைத் தொங்கவிட்டுச் செய்தவை.
கொரியாவிலிருந்து திரும்பிய அவன் மச்சான்
பெட்டியில் பதினாறு தட்டுகள் கொண்டுவந்திருந்தான்,
பிறகு மறுபடி போய்விட்டான்.
தட்டுகள் இங்கே நின்றுவிட்டன.

ஞாயிறு என்றால் நாலு பேர்.
நிஹால். மருந்துக்கடை ஃபஸ்லீன்.
அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் சந்தனமேரி.
அவள் கொழுந்தை நிறுத்து எழுதும் நான்.

சட்டம் சின்னது.
மரத்தைச் சுற்றியோ பள்ளத்தைத் தாண்டியோ
தட்டு சங்கிலியில் மோதிக்
கூடைக்குள் விழ வேண்டும்.
எத்தனை எறி என்று எண்ண வேண்டும்.
குறைய எறிந்தவர் வெற்றி.

முதல் நாள் அதைக் கேட்டு
புல்லில் உட்கார்ந்து சிரித்தாள் சந்தனமேரி.
"கொறஞ்சா ஜெயிப்பா?
இத ஏன் கணக்கப்புள்ள
எங்க மலைல ஒரு நாளும் சொல்லல?"

நாங்கள் முன்னால் எறியப் பிறந்தவர்கள்.
அவளோ பத்தொன்பது வருஷமாக
தோளுக்குப் பின்னால், பார்க்காமல்,
சாக்குக்குள் எறிகிறவள்.
முதல் மாதம் அவள் தட்டுகள் எல்லாம்
பின்னால் நின்ற ஃபஸ்லீனையே தேடிப் போயின.
அப்புறம் ஒரு நாள்
அந்த மணிக்கட்டு திசை மாறிக்கொண்டது.
ஒரு சுண்டு.
சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே தாழப் பறந்து
திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் இடப்பக்கம் சாய்ந்து
சங்கிலி கலகலத்தது.
நிஹால் தொப்பியைக் கழற்றினான்.

எறி எண்ணுவதும் அவள்தான்.
ஃபஸ்லீன் கொடுத்த மருந்துச் சீட்டின் முதுகில்
பென்சிலை எச்சில் தொட்டு எழுதுவாள்.
"கெளையில பட்டதும் ஒன்னுதான்."
"கை வழுக்கிருச்சு மேரி."
"வழுக்குனதும் ஒன்னுதான்.
எழுதுனா எழுதுனதுதான், கணக்கப்புள்ள."
அந்தக் குரல் எனக்குத் தெரியும்.
கிழமை நாட்களில் அது என்னுடையது.

ஏழாம் கூடை வேலியோரம்.
அப்பால் எங்கள் தோட்டம்,
அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை,
மூடுபனி எழுந்துவரும் வெறும் பள்ளம்.
என் ஆரஞ்சுத் தட்டை
நேராகத்தான் விட்டேன்.
காற்று அதைக் கொஞ்ச நேரம்
கையில் வைத்துப் பார்த்தது.
பிறகு வேலிக்கு மேலே தூக்கித்
தேயிலைக்குள் போட்டுவிட்டது.

"தண்டம் ஒன்னு" என்றாள்,
எட்டிக்கூடப் பார்க்காமல்.

புதன்கிழமை மத்தியானம்.
தகரக் கொட்டகை, எலெக்ட்ரோனிக் தராசு,
ஈரச் சாக்குகளின் வரிசை.
பதினெட்டுக் கிலோ ஒரு பேர்.
அதில் ஒரு இலை குறைந்தாலும் அரைப்பேர்.
புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதை
தோட்டத்தில் நாங்கள் எழுதுவதில்லை.

சந்தனமேரியின் சாக்கு.
பதினெட்டு புள்ளி ஒன்று.
பதினெட்டு என்று எழுதினேன்.

"எழுதியாச்சா?"
"ஆச்சு."
"பேனாவாலதானே?"
"ஆமா."

கொழுந்துக்குள் முழங்கை வரை கையை விட்டு
ஆரஞ்சுத் தட்டை உருவி எடுத்தாள்.
ஒரு துளிர் அதன் விளிம்பில் ஒட்டியிருந்தது.
"நாலாவது வரிசைல கெடந்துச்சு. ஒங்களுது."

நூற்று எழுபத்தைந்து கிராம்.
தட்டின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது.
தராசு பதினேழு புள்ளி ஒன்பதுக்கு இறங்கி
அங்கேயே நின்று என்னைப் பார்த்தது.

பின்னால் யாரோ இருமினார்கள்.
நான் ஏட்டைப் பார்த்தேன்,
மை காய்ந்துவிட்டது.

"அப்ப என் ஞாயித்துக்கெழமத் தண்டம்?"
"அது அப்பிடியேதான்" என்று
கொழுந்தைக் கொட்டிவிட்டு
வெறும் சாக்கை உதறிக்கொண்டு போனாள்.

அடுத்து பொன்னம்மா.
பதினேழு புள்ளி எட்டு.
வரிசை முழுக்க என் பேனாவையே பார்த்தது.
பதினேழு என்று எழுதினேன்.